தோட்டம் கேள்வி பதில்: பாலைவனத்துச் சிவப்புப் பூ நம் ஊர் மழையைத் தாங்குமா?

கேள்வி: வணக்கம் ஐயா. என் மகன் ஆஸ்திரேலியாவில், அடிலெய்டில் படிக்கிறான். அங்கே பாலைவனத்தில் தானாக முளைக்கிற ஒரு பூவைப் படம் பிடித்து அனுப்பினான். நல்ல சிவப்பு, நடுவில் கறுப்பு. பெயர் ஸ்டர்ட்ஸ் டெசர்ட் பீ என்றான். பார்த்ததிலிருந்து எனக்கு அதே நினைப்பு. லீவுக்கு வரும்போது விதை வாங்கி வருகிறேன் என்கிறான். பாலைவனச் செடிதானே, நம் ஊர் வெயிலுக்கு ஜோராக வரும் என்கிறார் பக்கத்து வீட்டு அக்கா. வருமா? தோட்டத்து லயத்தில் இருந்தபோது வாசலில் மண் இருந்தது. இப்போது தாமான் (குடியிருப்புப் பகுதி) வீடு, முன்னால் முழுக்க சிமெண்ட் தரை. (வாசகி, சுங்கை சிப்புட், மலேசியா)

பதில்: அம்மா, அதே நினைப்பாக இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்களே, அதில் ஆச்சரியமே இல்லை. அந்தப் பூவை நான் நேரில் பார்த்தவன். தென் ஆஸ்திரேலியாவில் போர்ட் அகஸ்தா என்று ஓர் ஊர். அங்கே வறண்ட நிலத்துச் செடிகளுக்கென்றே ஒரு தாவரத் தோட்டம் உண்டு. 1996இல் திறந்தார்கள். மகள் குடும்பத்தோடு அங்கே போயிருந்தேன். செம்மண் தரையில், ஒரு குச்சியின் துணைகூட இல்லாமல், தரையோடு தரையாகப் படர்ந்து கிடந்தது. நான் கீழே உட்கார்ந்துவிட்டேன். இலை, தண்டு எல்லாம் சாம்பல் பூத்த பச்சை. தொட்டால் மெல்லிய முடி விரலில் படுகிறது. படுத்துக் கிடக்கும் கொடியிலிருந்து பூக்காம்பு மட்டும் நிமிர்ந்து நிற்கிறது. அதன் உச்சியைச் சுற்றி ஐந்தாறு பூக்கள் தொங்குகின்றன. ஒவ்வொன்றும் ஏறக்குறைய 9 சென்டிமீட்டர் நீளம். ஒரு இதழ் மேலே ஏறி, ஒரு இதழ் கீழே இறங்கி, இரண்டும் சேரும் இடத்தில் பளபளவென்று ஒரு கறுப்புப் புடைப்பு. சின்ன வயதில் குன்றிமணி பொறுக்கியவர்களுக்கு அந்தச் சிவப்பும் கறுப்பும் உடனே பிடிபடும். இரண்டும் பயற்றுக் குடும்பம்தான்.

பக்கத்து வீட்டு அக்கா சொல்வதுதான் சரியில்லை. இந்த ஒரு எண்ணத்தால்தான் நம் பக்கத்தில் எத்தனையோ பேர் நல்ல விதையை வீணாக்குகிறார்கள். பாலைவனச் செடிக்கு வேண்டியது வெயில் மட்டும் என்று நினைக்கிறோம். இந்தச் செடி தன் ஊரில் கடும் கோடையை நம்பிப் பூப்பதில்லை. நல்ல மழை ஒன்று பெய்ததும் முளைக்கும். குளிர்ந்த மாதங்களில் வேரை ஆழமாக இறக்கும். குளிர் முடிந்து வசந்தம் வரும் சமயத்தில் பூத்து, காய்த்து, விதையைக் கொட்டிவிடும். உச்சி வெயில் காலம் வருவதற்குள் பெரும்பாலும் செடியின் ஆயுளே முடிந்துவிடும். சில இடங்களில் அடுத்த வருடமும் உயிரோடு இருப்பதுண்டு. ஆனாலும் அதன் பிழைப்பே ஒரு பருவத்துப் பிழைப்புதான்.

போர்ட் அகஸ்தாவில் ஒரு வருடத்துக்கே சுமார் 250 மில்லிமீட்டர் மழைதான். நமக்கு 2,000க்கு மேல். மழைக் கணக்கு பாதிதான், மீதி காற்றில் இருக்கிறது. அங்கே குளிர்காலத்து ராத்திரி நன்றாகக் குளிர்ந்துவிடும், காற்றில் ஈரம் கிடையாது. மழை நின்ற மறுநாளே மண்ணின் மேல்பாகம் காய்ந்துவிடும். நம் ஊரில் விடியற்காலையில் வாசலுக்கு வந்து நின்று பாருங்கள். கொடியில் போட்ட துணிகூடக் காயாமல் கிடக்கும். ராத்திரியிலும் 23, 24 டிகிரியை ஒட்டித்தான் இருக்கும். முடி நிறைந்த அந்த இலையில் ஈரம் தங்கினால் அழுகல் பிடிக்கும். அடித்தண்டு மண்ணைத் தொடும் இடத்தில் பூஞ்சை ஏறினால், காலையில் நிமிர்ந்து நின்ற நாற்று சாயங்காலம் சாய்ந்துவிடும். நான் நாற்றுமேடையில் மண்டோராக (மேற்பார்வையாளராக) இருந்தவன். ரப்பர், செம்பனை, இடையில் போடும் பயற்றுக்கொடி எல்லாவற்றையும் முளைக்க வைத்திருக்கிறேன். நாற்றைக் கொல்வது பெரும்பாலும் வெயில் இல்லை, வடியாத தண்ணீர்தான்.

சரி, அப்படியானால் போடவே கூடாதா? போடலாம். போட வேண்டும் என்றுதான் சொல்வேன். உங்கள் சிமெண்ட் தரையை நினைத்து வருத்தப்பட வேண்டாம். இந்தச் செடிக்கு அதுவே நல்லது. நம் தரை மண்ணில், களிமண்ணும் ஈரமுமாக இருக்கிற இடத்தில் வைத்தால் கதை சீக்கிரம் முடிந்துவிடும்.

முதலில் சட்டி. இந்தச் செடியின் ஆணிவேர் நேரே கீழே போகும். அகலச் சட்டி உதவாது, உயரம் வேண்டும். ஹார்ட்வேர் கடையில் ஆறு அங்குல பி.வி.சி. குழாய் வாங்கி இரண்டடி நீளத்துக்கு வெட்டச் சொல்லுங்கள். ஆஸ்திரேலியாவிலும் வீடுகளில் வடிகால் குழாயை நிறுத்தி வைத்து இதை வளர்க்கிற வழக்கம் உண்டு. அடிவாயில் கொசுவலைக் கம்பியைக் கட்டி, இரண்டு செங்கல்லை இடைவெளி விட்டு வைத்து அதன்மேல் நிறுத்துங்கள். தண்ணீர் ஊற்றினால் கீழே சொட்ட வேண்டும், தேங்கக் கூடாது. கறுப்பு பொலிபேக் வேண்டவே வேண்டாம். சிமெண்ட் தரை வெயிலில் அது உள்ளே கொதிக்கும்.

மண் கலவையில் கஞ்சத்தனம் பார்க்காதீர்கள். கட்டட வேலைக்கு வரும் பொடி மணல் ஆகாது. பரும்பரும்பாக இருக்கும் ஆற்று மணல் மூன்று பங்கு, உடைத்த செங்கல்லோ அடுப்புக்கரியோ ஒரு பங்கு, சாதாரண மண் ஒரு பங்கு. கிந்தா பள்ளத்தாக்குப் பக்கம் சொந்தக்காரர்கள் இருந்தால் பழைய ஈய லம்பத்து (ஈயச் சுரங்கத்து) மணல் கிடைக்குமா என்று கேளுங்கள். சத்தில்லாத மணல் என்று எல்லாரும் ஒதுக்குவார்கள், இந்தப் பூவுக்கு அந்த மணல்தான் பொருந்தும். நம் மண் புளிப்பு மண். அதனால் ஒரு கைப்பிடி சுண்ணாம்புத் தூள் கலந்துவிடுங்கள். தோட்டங்களில் மண்ணுக்குப் போடும் அதே தூள்தான், ஈப்போ பக்கத்துச் சுண்ணாம்பு மலைக்குப் பக்கத்தில் இருக்கும் நமக்குக் கிடைக்காததா? சாணி, கோழி எரு, கலவை உரம் எதுவும் சேர்க்காதீர்கள். பயற்று இனச் செடி, வேர் முடிச்சில் தன் சத்தைத் தானே பிடித்துக்கொள்ளும்.

விதை சிறியது, தோல் கெட்டி. அப்படியே புதைத்தால் பேசாமல் கிடக்கும். கொதித்து இறக்கிய தண்ணீரை ஒரு கோப்பையில் விதைமேல் ஊற்றி, ராத்திரி முழுக்க அப்படியே விட்டுவிடுங்கள். காலையில் உப்பியிருக்கும் விதையை மட்டும் எடுத்துப் போடுங்கள். உப்பாததற்குத் திரும்பவும் அதே வைத்தியம். வெந்நீருக்குப் பயந்தால் நகவெட்டியால் விதையின் ஓர் ஓரத்தை மட்டும் லேசாகச் சுரண்டலாம். விதை தொப்புள்கொடி போல ஒட்டியிருந்த பக்கத்தைத் தொடாதீர்கள், முளை அங்கேதான் இருக்கிறது. குழாய்க்கு மூன்று விதை, அரை அங்குல ஆழம். முளைத்தபின் தேறியதை மட்டும் விட்டு, மற்றதைக் கத்தரியால் வெட்டுங்கள். பிடுங்கினால் பக்கத்து வேரும் ஆடிவிடும். வேறு சட்டியில் முளைக்க வைத்து அப்புறம் மாற்றி நடும் பேச்சே வேண்டாம், வேரைத் தொட்டால் இந்தச் செடி மன்னிக்காது.

எப்போது போடுவது? இதை நான் பல முறை யோசித்திருக்கிறேன். விதை முளைத்துப் பூவைப் பார்க்க நாலு ஐந்து மாதம் ஆகும். பேராக்கின் உள்பகுதியில் ஏப்ரல், மே ஒரு மழைக்காலம்; அக்டோபர், நவம்பர் இன்னொன்று. நடுவில் ஜனவரி, பிப்ரவரியும் ஜூன், ஜூலையும் கொஞ்சம் காய்ச்சல். நாலு மாதம் சேர்ந்தாற்போல் காயும் காலம் நமக்குக் கிடையவே கிடையாது. அதனால் கிறிஸ்துமஸ் முடிந்த கையோடு போட்டுவிடுங்கள். நாற்றுப் பருவம்தான் அழுகலுக்கு மிகவும் ஆபத்தான பருவம், இருக்கிறதில் காய்ந்த மாதங்களை அதற்குக் கொடுத்துவிடலாம். வளர்ந்த செடியை ஏப்ரல் மழையிலிருந்து கூரை காப்பாற்றும். கார் போர்ச்சுக்குள் தள்ளி வைக்காதீர்கள், அங்கே வெயில் போதாது. போர்ச்சின் விளிம்புக்கு வெளியே நாலு கம்பம் நட்டு, ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் தகடு ஒன்றை உயரமாகக் கட்டுங்கள். நாலு பக்கமும் திறந்திருக்க வேண்டும். மழை படக்கூடாது, காற்று ஓட வேண்டும், நாளெல்லாம் வெயில் விழ வேண்டும்.

தண்ணீர் காலையில் மட்டும், குழாயின் ஓரமாக. இலைமேல் படவே கூடாது. விரலை உள்ளே விட்டுப் பாருங்கள், இரண்டு கணு ஆழத்துக்கு ஈரம் தட்டினால் அன்றைக்கு ஊற்றாதீர்கள். ஊற்றும் நாளில் கீழே சொட்டும்வரை ஊற்றுங்கள். நத்தைக்கு இந்த நாற்று என்றால் உயிர். குழாயைச் சுற்றிக் கரகரப்பான சாம்பலும் மணலும் போடுங்கள், ராத்திரி ஒருமுறை டார்ச் அடித்துப் பாருங்கள்.

இவ்வளவு செய்தும் செடி நடுவில் போய்விடலாம். ஏறக்குறைய எப்போதும் ஈரமாக இருக்கும் காற்றை நாம் மாற்ற முடியாது. ஆஸ்திரேலியாவிலேயே மழை அதிகமான கடலோர ஊர்களில் இதைக் காப்பாற்றுவது பாடுதான். அதனால் சிலர் வேறு பயற்றுச் செடியின் நாற்றில் இதை ஒட்டுக் கட்டி, வேரை மட்டும் மாற்றிவிடுகிறார்கள். அந்த அளவுக்கு மனிதர்கள் இதன் பின்னால் போயிருக்கிறார்கள். 1699இல் வில்லியம் டாம்பியர் என்ற மாலுமி ஆஸ்திரேலியாவின் வடமேற்குக் கரையில் இறங்கியபோது இந்தச் செடியைப் பறித்துக் காயவைத்துக் கொண்டுபோனார். அது இன்னும் ஆக்ஸ்போர்டில் இருக்கிறது. பின்னால் 1844இல் சார்ல்ஸ் ஸ்டர்ட் உள்நாட்டுக்குப் பயணம் போன வழியில் இதைப் பார்த்து எழுதினார், பெயர் அவரோடு ஒட்டிக்கொண்டது. தென் ஆஸ்திரேலியா 1961இல் இதைத் தன் மாநில மலராக்கியது. அந்த மண்ணின் பூர்வகுடிகளுக்கோ இது அவர்களுக்கும் முன்னோர்களுக்கும் தெரிந்த பூ.

இனி, உங்கள் மகனுக்கு இரண்டு சொல். அங்கே சாலையோரத்தில் பூத்துக் கிடந்தாலும் அனுமதியில்லாமல் பறிக்கக் கூடாது, சட்டப் பாதுகாப்பு உள்ள பூ. விதையைக் கடையில் வாங்கச் சொல்லுங்கள். இரண்டாவது, அந்தப் பாக்கெட்டைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வந்துவிடக் கூடாது. மலேசியாவுக்குள் செடியோ விதையோ கொண்டுவர இறக்குமதி அனுமதி வேண்டும். மாகிஸ் (நோய்த்தடுப்பு, சோதனைத் துறை) அலுவலகத்தில் முன்கூட்டியே கேட்டு, தாளை வாங்கிக்கொண்டு வரட்டும். அலைச்சல்தான். ஆனால் ரப்பரை நம்பி வளர்ந்த குடும்பங்கள் நாம். தென் அமெரிக்காவில் ரப்பர் தோட்டங்களை அழித்த இலைக்கருகல் நோய் இங்கே வராமல் இத்தனை காலம் காத்ததில் இந்தக் கெடுபிடிக்கும் பங்கு உண்டு. நாமே அதை மீறக் கூடாது.

கேள்வி: பாலைவனத்தில் பல வருடம் ஒன்றுமே இல்லாமல் கிடந்து, ஒரு மழைக்கு நிலம் முழுக்கப் பூத்துவிடுகிறதே, அந்த விதைகள் அதுவரை எப்படி உயிரோடு இருக்கின்றன? மாணவர்கள் கேட்டார்கள், என்னால் முழுதாகச் சொல்ல முடியவில்லை. (ஆசிரியை, கோலகங்சார்)

பதில்: டீச்சர், உங்கள் ஊரிலேயே இதற்கு நேர் எதிரான உதாரணமாக ஒரு பழைய ரப்பர் மரம் நிற்கிறது. மாணவர்களை அங்கே கூட்டிப்போங்கள். 1876இல் ஹென்றி விக்கம் பிரேசிலிலிருந்து சுமார் 70,000 ரப்பர் விதைகளை லண்டன் கியூ தோட்டத்துக்குக் கொண்டுபோனார். அவ்வளவு அவசரமாகக் கொண்டுபோயும் முளைத்தது ஏறக்குறைய 2,700தான். அடுத்த வருடம் 22 நாற்றுகள் சிங்கப்பூர் வந்தன. அதில் ஒன்பது கோலகங்சாரில் நடப்பட்டன. அந்தத் தலைமுறை மரம் ஒன்று இன்றும் அங்கே இருக்கிறது. ரப்பர் விதைக்குக் காத்திருக்கத் தெரியாது. காய் வெடித்து விழுந்த விதையைச் சுடச்சுட மணல் பாத்தியில் போட வேண்டும், சில வாரம் தாமதித்தால் உள்ளிருக்கும் பருப்பு காய்ந்து செத்துவிடும். வருடம் முழுக்க ஈரமாக இருக்கும் காட்டில் பிறந்த விதை அது. அங்கே காத்திருக்க அவசியமே இல்லை.

பாலைவன விதைக்குக் காத்திருப்பதுதான் வேலை. டெசர்ட் பீ மாதிரி விதைகளுக்குத் தண்ணீர் புகாத தோல். வெயிலும் குளிரும் மாறி மாறி, மணலில் உரசி, தோல் தேய்ந்தபின்தான் தண்ணீர் உள்ளே போகும். வேறு சில செடிகளின் விதையில் முளைப்பைத் தடுக்கும் ஒரு சத்து இருக்கும். தூறலுக்கு அது கரையாது, நிலம் ஆழமாக நனையும் மழைதான் அதைக் கழுவும். சும்மா ஒரு தூறலை நம்பி முளைத்தால் மறுவாரம் கருகிவிடும் அல்லவா?

எனக்கு மிகவும் பிடித்த விஷயம் இனிமேல்தான். நல்ல மழை பெய்தாலும் எல்லா விதையும் ஒரே தடவையில் முளைப்பதில்லை. ஒரே செடியின் விதைகளிலேயே ஒரு பங்கு இந்த வருடம் எழும், ஒரு பங்கு மண்ணுக்குள்ளேயே தங்கும். முளைத்ததெல்லாம் பூக்கும் முன் காய்ந்துபோனாலும் வம்சம் அழியாது. டான் கோகன் என்ற அறிவியலாளர் 1966இல் இதைக் கணக்குப் போட்டே காட்டினார்: மழை எவ்வளவு நிச்சயமில்லாததோ, அவ்வளவுக்கு விதையைப் பின்னால் ஒதுக்கி வைக்கும் செடிதான் நிலைக்கும். அமெரிக்காவில் டெத் வேலி என்ற பாலைவனத்தில் 2005இலும் 2016இலும் நிலம் மஞ்சளாகப் பூத்துப் பரந்தது இப்படித் தங்கிய விதைகளால்தான்.

வகுப்பில் செய்து காட்ட வேண்டுமென்றால் இரண்டு தட்டு போதும். ஒன்றில் சங்குப்பூ விதையை அப்படியே ஈரப் பஞ்சில் வையுங்கள். இன்னொன்றில் உப்புத்தாளில் தேய்த்த விதை. பிள்ளைகள் தினமும் வந்து பார்க்கட்டும். செம்பனை விதை முளைப்பிக்கும் இடம் தெரிந்தவர்கள் இருந்தால் அதையும் கேட்கச் சொல்லுங்கள். அந்த விதையைச் சுமார் 40 டிகிரி சூட்டில் வாரக்கணக்கில் வைத்து எடுத்தால்தான் ஒழுங்காக எழும். ஒவ்வொரு விதைக்கும் ஒவ்வொரு சாவி என்பது தோட்டத்துப் பிள்ளைகளுக்குச் சட்டென்று புரியும்.

கேள்வி: பாசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) "டெசர்ட் ரோஸ்" என்று அடி பருத்த செடி விற்கிறார்கள். அதுவும் ஒரு வருடத்தில் செத்துவிடுமா? (வாசகர், லிந்தாங்)

பதில்: இல்லை தம்பி. அது அடீனியம், ஆப்பிரிக்காவும் அரேபியாவும் அதன் ஊர். பல வருடம் இருக்கும், பருத்த அடியில் தண்ணீரைச் சேர்த்து வைத்துக்கொள்ளும். மேலே சொன்ன பூ காத்திருப்பது விதையில், இது காத்திருப்பது தண்டில். தண்ணீர் வடியும் சட்டி இருந்தால் நம் ஊரில் நன்றாகவே வரும். மழைக்காலத்தில் மட்டும் கூரைக்குக் கீழே தள்ளி வையுங்கள், அடியை அழுத்திப் பார்த்துக் கொழகொழப்புத் தட்டினால் உடனே பிடுங்கி, அழுகலை வெட்டிக் காயவைத்து மறுபடி நடுங்கள். வெட்டும்போது வடியும் பாலில் விஷம் உண்டு. கையைக் கழுவாமல் கண்ணைத் தொடாதீர்கள், சின்னப் பிள்ளைகள் உள்ள வீட்டில் உயரமாக வையுங்கள்.

கேள்வி: வேலியில் போட நீலச் சங்குப்பூ விதை போட்டேன். மூன்று வாரமாகியும் ஒன்றிரண்டுதான் முளைத்திருக்கிறது. விதை பழசா? (வாசகி, செம்மோர்)

பதில்: பழசாக இருக்க வேண்டியதில்லை அம்மா, தோல் கெட்டியாக இருக்கிறது. முதல் பதிலில் சொன்ன வெந்நீர் வைத்தியம் இதற்கும் பலிக்கும். ஆனால் கொதிக்கக் கொதிக்க ஊற்ற வேண்டாம், கை பொறுக்காத சூடு போதும். தோட்டத்தில் பியூராரியா என்ற பயற்றுக்கொடியின் விதைக்கும் கொதிநீரில் பச்சைத் தண்ணீர் கலந்துதான் ஊறவைப்போம். மண்ணில் இருக்கும் மீதி விதையைக் கிளறாமல் விட்டுவிடுங்கள், மழைக்கு மழை ஒன்றிரண்டாக வந்துகொண்டே இருக்கும். ஊறி உப்பிய புது விதையை வேலி ஓரமாகப் போட்டால் ஒரு வாரத்தில் முளை தெரியும்.